ஒரு நண்டு, இரண்டு காலண்டர்

நண்டு பிடிக்க நல்ல மாதம் எது?

கேள்வி சாதாரணம்தான். நம்மூர் மீன் மார்க்கெட்டில் கேட்டால் அமாவாசை, பௌர்ணமி என்று ஆரம்பிப்பார்கள். அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டில் வெறும் ஓடுதான் என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இதே கேள்வியை அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவில் போய்க் கேட்டுப் பாருங்கள். விரிகுடாவின் வடக்குப் பாதியில் இருப்பவர் ‘கோடையிலிருந்து ஐப்பசி வரைக்கும்’ என்கிற மாதிரி ஒரு பதில் சொல்வார். தெற்குப் பாதியில் இருப்பவரின் அப்பாவோ தாத்தாவோ உயிரோடிருந்தால், ‘சே, நடுங்கும் குளிரில், டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்’ என்று சொல்லியிருப்பார். ஒரே தண்ணீர். ஒரே நண்டு. இரண்டு காலண்டர்.

இந்த இரண்டு காலண்டர்களுக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. கோர்ட் இருக்கிறது, கவர்னர்கள் இருக்கிறார்கள், விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நண்டு. குறிப்பாக, பெண் நண்டு.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்க வரைபடத்தில் வாஷிங்டனுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் கடல் நிலத்துக்குள் நாக்கை நீட்டியது மாதிரி ஒரு நீளமான நீர்ப்பரப்பு தெரியும். அதுதான் செசபீக். வடக்கு தெற்காக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். வட கோடியில் சஸ்குவஹன்னா என்ற பெரிய ஆறு வந்து விழுகிறது. தென் கோடியில் வாயைத் திறந்தால் நேராகக் கடல். ஆக, வடக்கே போகப் போகத் தண்ணீரில் உப்பு குறைவு. தெற்கே வர வர உப்பு அதிகம். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இந்த உப்பில்தான் இருக்கிறது.

வடக்குப் பாதி மேரிலாந்து மாநிலம். தெற்குப் பாதி வர்ஜீனியா மாநிலம்.

இரண்டு பேருக்கும் தண்ணீர்த் தகராறு இன்று நேற்று வந்ததல்ல. 1632-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், மேரிலாந்தை பால்டிமோர் பிரபுவின் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தார். அப்போது பொட்டோமாக் ஆற்றை வர்ஜீனியாவின் கரை வரைக்கும் சேர்த்தே மேரிலாந்துக்குத் தாரை வார்த்துவிட்டார். வர்ஜீனியாக்காரன் தன் வீட்டுப் படியிலிருந்து காலை நனைத்தால் அது அடுத்தவன் தண்ணீர்! பதிலுக்கு, விரிகுடாவின் வாசல் வர்ஜீனியாவிடம் இருந்தது. இந்தத் தகராறைத் தீர்க்க 1785-ல் இரு தரப்பும் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். கப்பல் போக்குவரத்து, மீன் பிடிக்கும் உரிமை எல்லாம் பேசி ஒப்பந்தம் போட்டார்கள். ‘அட, இப்படி உட்கார்ந்து பேசினால் காரியம் நடக்கிறதே’ என்று உற்சாகமாகி, அடுத்த வருடம் அன்னபொலிஸ் நகரில் இன்னொரு கூட்டம். அதற்கடுத்த வருடம், 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் பெரிய கூட்டம். அங்கேதான் அமெரிக்க அரசியல் சட்டம் எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தின் பூர்வீகத்தைத் தோண்டினால் கொஞ்சம் மீன் வாடை அடிக்கும் என்பது நிஜம்.

ஒரு தேசத்தையே உருவாக்க முடிந்தவர்களால், நண்டு விஷயத்தில் மட்டும் அடுத்த இருநூறு வருடங்களுக்கு ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இனி, கதாநாயகி.

நீல நண்டு என்றதும் ராமேஸ்வரம் பக்கத்து நீலக்கால் நண்டை நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு. ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றுவிட்ட உறவு. செசபீக் நண்டின் அறிவியல் பெயர் காலினெக்டெஸ் சாபிடஸ். காலினெக்டெஸ் என்றால் கிரேக்கத்தில் ‘அழகாக நீந்துபவர்’. சாபிடஸ் என்றால் லத்தீனில் ‘ருசியானது’. உலகத்தில் எத்தனையோ உயிர்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். அழகையும் ருசியையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்தது அபூர்வம். 1896-ல் அந்த ‘ருசி’யைச் சேர்த்தவர் மேரி ராத்பன் என்ற பெண்மணி. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நண்டு ஆராய்ச்சியிலேயே ஆயுளைக் கழித்தவர். 1914-ல், தன் உதவியாளருக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தன் சம்பள வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அதற்கப்புறமும் தினம் வந்து சும்மாவே வேலை பார்த்தவர்.

ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது சுலபம். நண்டைத் திருப்பிப் போட்டு வயிற்று மடிப்பைப் பாருங்கள். ஆண் நண்டுக்கு வாஷிங்டன் நினைவுத் தூண் மாதிரி ஒல்லியாக, நீளமாக இருக்கும். முதிர்ந்த பெண் நண்டுக்கு நாடாளுமன்றக் கட்டடத்தின் கும்மட்டம் மாதிரி அகலமாக இருக்கும். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆணுக்கு ‘ஜிம்மி’ என்று பெயர். பெண்ணுக்கு ‘சூக்’. சூக்கின் கொடுக்கு நுனி நெயில் பாலிஷ் போட்டது மாதிரி சிவந்திருக்கும்.

நண்டு வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். பழைய சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் புதுச் சட்டை இறுகும் வரைக்கும் மெத்தென்று கிடக்கும். வாழ்நாளில் இருபது தடவைக்கு மேல் இந்தச் சட்டை மாற்றும் வைபவம். பெண் நண்டு கடைசித் தடவையாகச் சட்டை கழற்றும் அந்த நேரத்தில்தான் அதற்குக் கல்யாணம். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. ஆண் நண்டு சில நாள் முன்பிருந்தே அதைத் தன் அடியில் அணைத்துத் தூக்கிக்கொண்டு அலையும். கழற்றும்போது காவல் நிற்கும். ஓடு இறுகும் வரைக்கும் விடாது.

அப்புறம் ஜிம்மி தன் வழியில் போய்விடும். வடக்கே, உப்பு குறைந்த தண்ணீரிலேயே தங்கிவிடும். பெண் நண்டுக்கு அங்கே வேலை இல்லை. முட்டை பொரிய உப்புத் தண்ணீர் வேண்டும். ஆகவே செப்டம்பர் வாக்கில் அது தெற்கு நோக்கிக் கிளம்புகிறது. சில நண்டுகளுக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். நவம்பருக்குள் விரிகுடாவின் வாசலுக்குப் பக்கத்தில் வந்து, தண்ணீர் சில்லிட்டதும் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். குளிர்காலம் முழுக்க ஆடாமல் அசையாமல் தூக்கம். அடுத்த வெயில் காலத்தில் எழுந்து வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறப் பஞ்சு உருண்டை மாதிரி முட்டைகளைச் சுமக்கும். ஒரு தடவைக்குப் பத்து லட்சம், இருபது லட்சம் முட்டைகள். ஒரு கல்யாணத்தில் சேமித்ததை வைத்துப் பல தடவை சினை பிடிக்கும். பொரிந்த குஞ்சுகள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, வளர்ந்து, காற்றும் நீரோட்டமும் ஒத்துழைத்தால் மறுபடி விரிகுடாவுக்குள் வரும்.

இப்போது இரண்டு காலண்டர்களும் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மேரிலாந்துக்காரர் கையில் வடக்குப் பாதி. அவருக்கு மே மாதம் தொடக்கம். மே மாதத்து முதல் பௌர்ணமியை ஒட்டி நண்டுகள் கூட்டமாகச் சட்டை கழற்றும் என்பது அந்த மீனவர்களின் கணக்கு. பாருங்கள், நிலா அங்கேயும் வந்துவிட்டது! அப்போது பிடிப்பது சாஃப்ட் கிராப். ஓடு உட்பட அப்படியே பொரித்துச் சாப்பிடலாம். ஆனால் ஓடு கழற்றிய சில மணி நேரத்தில் தண்ணீரிலிருந்து எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இறுக ஆரம்பித்துவிடும். அதற்காக, கழற்றப் போகும் நண்டை முன்கூட்டியே பிடித்துத் தொட்டியில் போட்டு, ராத்திரி பகலாகக் காவல் காப்பார்கள். நீந்தும் துடுப்புக்கால் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இளஞ்சிவப்பானால் சீக்கிரம். சிவந்துவிட்டால் இன்றோ நாளையோ. இவர்கள் ஒரு தந்திரமும் செய்வதுண்டு. கூண்டுக்குள் உயிருள்ள ஜிம்மி ஒன்றைப் போட்டு இறக்கிவிடுவார்கள். கல்யாண வயசுப் பெண் நண்டுகள் தானாக வந்து நுழையும். இரையே வேண்டாம், மாப்பிள்ளை போதும்.

1860களில் கிரிஸ்ஃபீல்ட் என்ற கரையோர ஊருக்கு ரயில் வந்தது. ஊரின் ஒரு பகுதி சிப்பி ஓடுகளைக் கொட்டி மேடாக்கிய நிலத்தின் மேல் நிற்கிறது என்றால் எப்படிப்பட்ட ஊர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஈரக் கடற்புல்லில் உயிரோடு பொதிந்த சாஃப்ட் கிராப், ரயிலேறி ஃபிலடெல்ஃபியாவுக்கும் நியூயார்க்குக்கும் போனது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வந்தால் ஆவியில் வேகவைத்த நண்டு. மேஜையில் பேப்பரை விரித்து, நடுவில் மசாலா தூவிய நண்டுகளைக் கொட்டி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டித் தின்பது மேரிலாந்தின் கோடைத் திருவிழா. அந்த மசாலாவின் பெயர் ஓல்டு பே. அதைக் கண்டுபிடித்தவர் குஸ்டாவ் ப்ருன் என்ற ஜெர்மானிய யூதர். நாஜிகளின் புகன்வால்ட் முகாமில் அடைபட்டு, மீண்டு, கையால் சுற்றும் மசாலா அரவை இயந்திரத்தோடு பால்டிமோர் வந்து சேர்ந்தவர். அமெரிக்க நண்டு விருந்தின் ருசி ஒரு அகதி கொண்டு வந்தது.

ஆனால் விவரம் தெரிந்தவர்கள் கோடையில் அவசரப்பட மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருப்பார்கள். குளிர்காலத் தூக்கத்துக்காக நண்டு தின்று கொழுத்து, ஓட்டுக்குள் சதை முட்டிக்கொண்டு நிற்கும் நேரம் அது. மேரிலாந்தின் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. ஜூலை 14 வரை ஆண் நண்டு ஐந்து அங்குல அகலம் இருந்தால் பிடிக்கலாம். ஜூலை 15 முதல் ஐந்தே கால் அங்குலம் இருந்தாக வேண்டும்.

சரி, வர்ஜீனியாக்காரர்?

அவரிடம் இருப்பது விரிகுடாவின் வாசல். ஹாம்ப்டன் என்ற ஊரில் 1870களின் கடைசியிலேயே நண்டுச் சதையைப் பக்குவம் செய்து டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை வந்துவிட்டது. நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலையில் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். தொழிற்சாலைக்கு லீவு கிடையாது. குளிர்காலத்திலும் நண்டு வேண்டும். ஆனால் குளிர்கால நண்டு இரையைத் தேடி வராதே, சேற்றில் அல்லவா தூங்குகிறது?

தூங்கினால் என்ன, தோண்டி எடு!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தொழில் சூடுபிடித்தது. நீளமான இரும்புப் பற்கள் வைத்த ஒரு சட்டம். பின்னால் வலைப் பை. இதற்கு டிரெட்ஜ் என்று பெயர். படகின் பின்னால் கட்டி இழுத்தால் கடலடிச் சேற்றை வாரிக்கொண்டே வரும். டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் இதுதான் பிழைப்பு. பனிக்காற்றில், உறையும் தண்ணீரில், விரல் மரத்துப்போகும் வேலை. யாரும் ஆசைப்பட்டுச் செய்கிற வேலையில்லை. ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பெரிய அதைவிட்டால் வழியில்லை.

வாரிக்கொண்டு வந்ததில் பெரும்பகுதி என்ன தெரியுமா? அடுத்த கோடையில் முட்டையிடுவதற்காக அவ்வளவு தூரம் நீந்தி வந்து தூங்கிக்கொண்டிருந்த பெண் நண்டுகள்.

மேரிலாந்து கொதித்தது. ‘நாங்கள் விட்டு அனுப்பும் தாய் நண்டைத் தூக்கத்தில் தூக்குகிறீர்களே?’ வர்ஜீனியா சும்மா இருக்குமா? ‘நீங்கள் மட்டும் யோக்கியமா? மே மாதத்திலேயே வளராத நண்டை ஓடு கழற்றும்போது பிடிக்கிறீர்கள். அக்டோபரில் எங்களிடம் வந்துகொண்டிருக்கும் பெண் நண்டை நடுவழியில் மறிக்கிறீர்கள். அக்டோபரில் செத்த நண்டு மட்டும் முட்டையிடுமா?’

நியாயமான கேள்வி. இரண்டுமே நியாயமான கேள்விகள். அதனால்தான் தீரவில்லை.

பெண் நண்டு தெற்கே போகிறது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. 1905-லும் 1919-லும் வெளிவந்த மத்திய அரசின் மீன்வள ஆய்வுகளிலேயே நண்டின் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டுவிட்டது. 1940களின் தொடக்கத்தில் வர்ஜீனியா, விரிகுடா வாசலில் ஒரு பகுதியைக் கோடையில் மட்டும் சினை நண்டுகளுக்கான சரணாலயம் என்று ஒதுக்கவும் செய்தது. கோடையில் சரணாலயம், குளிர்காலத்தில் வாருகாலம். மனசாட்சியும் வயிறும் ஆளுக்குப் பாதி வருடம் பங்கு போட்டுக்கொண்டன.

இதற்கிடையில் கருவியும் மாறியது. 1928-ல் பெஞ்சமின் லூயிஸ் என்ற வர்ஜீனியாக்காரர் கம்பிக் கூண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நண்டுக்கு ஆபத்து என்றால் மேலே நீந்தும் பழக்கம் உண்டு. அதை வைத்தே, நுழையலாம், வெளியே போக முடியாது என்கிற மாதிரி இரண்டு அடுக்குக் கூண்டு. அதுவரை கொக்கி இல்லாத நீளக் கயிற்றில் இரையைக் கட்டி, மெதுவாகத் தூக்கி, வலையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கூண்டு வந்தபின் ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் இறக்க முடிந்தது.

இன்னொரு அடி சிப்பியால் விழுந்தது. அந்த மீனவர்களின் வருடம் இரண்டு பாகம். குளிரில் சிப்பி, வெயிலில் நண்டு. 1880களின் நடுவில் மேரிலாந்து மட்டும் ஒரே பருவத்தில் ஒன்றரைக் கோடி புஷல் சிப்பி எடுத்தது. எடுத்து எடுத்தே அது தேய்ந்தது. 1950களின் கடைசியிலிருந்து நோயும் சேர்ந்து மிச்சத்தை அழித்தது. ஆக, முழு வருடத்தின் பாரமும் நண்டின் முதுகில்.

1982-ல் இன்னொரு திருப்பம். வர்ஜீனியாவில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் வர்ஜீனியா தண்ணீரில் நண்டு பிடிக்கலாம் என்ற சட்டம் செல்லாது என்று மத்திய நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேரிலாந்துப் படகுகளும் தெற்கே போகலாம். கோடு அழிந்தது. காலண்டர் மட்டும் இரண்டாகவே இருந்தது.

நான் பி.காம். படித்தவன். அந்தக் கண்ணோட்டத்தில் இதைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இத்தனை வருடச் சண்டையில் யாரும் ஸ்டாக் எடுக்கவே இல்லை! பிடித்த நண்டின் எடை தெரியும். அது விற்பனைக் கணக்கு. கடையில் மிச்சம் எவ்வளவு சரக்கு இருக்கிறது? அது தெரியாது. விற்பனை நன்றாக இருந்தால் கடை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதலையே எடுத்து விற்றுக்கொண்டிருந்தாலும் விற்பனை நன்றாகத்தானே இருக்கும்?

1990-லிருந்துதான் இரண்டு மாநிலமும் சேர்ந்து விரிகுடா முழுவதும் கணக்கெடுக்க ஆரம்பித்தன. எப்போது எடுப்பது? நண்டு ஓரிடத்தில் நிற்காதே? யோசித்தார்கள். அசையாமல் நிற்கும் ஒரே காலம் குளிர்காலம். எதை வைத்து எடுப்பது? அதே டிரெட்ஜ்! தூங்கும் நண்டைத் தோண்டி விற்ற அதே கருவியால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் 1,500 இடங்களில் தோண்டி எண்ணினார்கள். இன்றைக்கும் எண்ணுகிறார்கள்.

எண்ணிக்கை கதையைச் சொன்னது. 1993-ல் சுமார் 85 கோடி நண்டுகள். 2001-ல் 25 கோடி சொச்சம். 1990களில் முட்டையிடும் வயதுப் பெண் நண்டுகளின் அளவு, அதற்கு முந்தைய வருடங்களோடு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. 2007-லும் அதே 25 கோடிதான். 2008 குளிர்காலக் கணக்கில் வளர்ந்த பெண் நண்டுகள் மொத்தமே 9 கோடியே 10 லட்சம். அவ்வளவு பெரிய விரிகுடாவுக்கு.

இப்போது யாரும் யாரையும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. 2008 ஏப்ரலில் மேரிலாந்து கவர்னர் மார்ட்டின் ஓமாலியும் வர்ஜீனியா கவர்னர் டிம் கெய்னும் ஒரே மேடையில் நின்றார்கள். பெண் நண்டு பிடிப்பை இரண்டு மாநிலமும் 34 சதவீதம் குறைக்கும் என்று அறிவித்தார்கள். மேரிலாந்து, பெண் நண்டுக்கான பருவத்தை அந்த வருடம் அக்டோபர் கடைசியிலேயே முடித்துக்கொண்டது. பொழுதுபோக்காக நண்டு பிடிப்பவர்கள் பெண் நண்டைத் தொடவே கூடாது என்றது. வர்ஜீனியா அதைவிடப் பெரிய காரியம் செய்தது. ஒரு நூற்றாண்டு வழக்கமான குளிர்கால டிரெட்ஜ் தொழிலை மூடிவிட்டது.

தொழிலை மூடலாம். வயிற்றை?

அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. மத்திய அரசு நண்டுத் தொழிலைப் பேரிடராக அறிவித்து உதவிப் பணம் தந்தது. வர்ஜீனியா அந்தப் பணத்தைச் சும்மா கையில் கொடுக்கவில்லை. வேலையிழந்த மீனவர்களையே குளிர்காலத்தில் சம்பளத்துக்கு அமர்த்தி, சோனார் கருவி கொடுத்து, விரிகுடா அடியில் தொலைந்து கிடக்கும் கூண்டுகளைத் தேடச் சொன்னது. கயிறறுந்த கூண்டு சும்மா கிடப்பதில்லை, பாருங்கள். உள்ளே நுழைந்த நண்டு செத்து, அந்தப் பிணமே அடுத்த நண்டுக்கு இரையாகி, யாருமே இல்லாமல் அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும். பேய்க் கூண்டு என்றே பெயர். ஆறு குளிர்காலங்களில் 34,000-க்கும் அதிகமான பேய்க் கூண்டுகளை வெளியே எடுத்தார்கள். தூங்கும் நண்டைத் தோண்டிய அதே ஆட்கள், அதே மாதங்களில், அதே சேற்றிலிருந்து.

பலன்? இரண்டே வருடம். 2010-ல் வளர்ந்த பெண் நண்டுகள் 24 கோடியைத் தாண்டின. 2012-ல் மொத்த எண்ணிக்கை 76 கோடி.

இந்த இடத்தில் ‘சுபம்’ போட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஆசைதான். ஆனால் 2013-ல் எண்ணிக்கை 30 கோடிக்கு விழுந்தது. 2014-ல் வளர்ந்த பெண் நண்டுகள் 7 கோடிக்கும் கீழே. நண்டுக் குஞ்சைத் தின்னும் மீன்கள், குளிர், கடலுக்குப் போன குஞ்சுகளைத் திருப்பி அனுப்பாத காற்று என்று மனிதன் கையில் இல்லாத காரணங்கள் ஆயிரம். 2022-ல் 22 கோடியே 60 லட்சம். கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அதுதான் மிகக் குறைவு. 2025-ல் 23 கோடியே 80 லட்சம். காலண்டரைத் திருத்தியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. திருத்தியிராவிட்டால் இந்த மோசமான வருடங்களைத் தாங்கக் கையிருப்பே இருந்திருக்காது. நல்ல வருடத்தில் போட்டு வைத்தது கெட்ட வருடத்தில் உதவும். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் யாருக்கும் இது புரியும்.

பசி மட்டும் ஞாபக மறதிக்காரன். 2024 ஜூனில் வர்ஜீனியாவின் கடல்வள ஆணையம் குளிர்காலத் தடையை விலக்கலாம் என்று ஓட்டுப் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. செப்டம்பரில், இந்தக் குளிர்காலத்துக்குத் திறப்பதில்லை என்று முடிவானது. பதினாறு வருடம் கழித்தும் அந்தப் பழைய காலண்டர் ஆணியிலிருந்து முழுசாகக் கழன்று விழவில்லை.

நமக்கென்ன வந்தது என்கிறீர்களா?

செசபீக்கில் நண்டு குறைந்தபோது அமெரிக்கர்களின் நாக்கு குறையவில்லை. ஆசியாவிலிருந்து நண்டுச் சதையை இறக்குமதி செய்ய ஆரம்பித்தார்கள். பாக் நீரிணையில் பிடிபடும் நம் நீலக்கால் நண்டும் உடைத்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து அங்கே போகிறது. அந்த ஒன்றுவிட்ட உறவு, இப்போது அதே விருந்து மேஜையில்.

நம் கடலுக்கும் ஒரு காலண்டர் உண்டு. 2001-லிருந்து தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாள். 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீனவக் குடும்பத்துக்கு நிவாரணத் தொகை உண்டு. நமக்கு அந்த இரண்டு மாதமும் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: வஞ்சிரம் விலை. ‘என்னங்க இப்படி விக்கிறீங்க?’ என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிறோம். அந்தக் கூடுதல் விலைக்குள் கரையில் கட்டிப்போட்ட படகு இருக்கிறது, வருமானமில்லாத வீடு இருக்கிறது, கடலுக்குள் ஏதோ ஒரு சினை மீன் நிம்மதியாக இருக்கிறது.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டுமே. செசபீக் பக்கம் போகும் பாக்கியம் வாய்த்தால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட் கிராப் வேண்டுமென்றால் மே. கூட்டமும் கும்மாளமும் வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட். சதை முக்கியமென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. திருப்பிப் போட்டுப் பாருங்கள். தூண் தெரிந்தால் கூடையில் போடுங்கள். கும்மட்டம் தெரிந்தால் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அது தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. நேரமாகிறது அதற்கு.